ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க. தலைவலியும் இந்தக் கோபமும் மட்டும் போகலைங்க

கணபதி_லேத் எழுதியது:

வணக்கம்ங்க. கோயமுத்தூர் கணபதியில ஜாப் ஒர்க் பண்ற கம்பெனி ஒண்ணுல லேத் ஓட்டறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட், புஷ் கடைஞ்சு கொடுக்கற வேலை. வயசு 38. ஊட்ல மனைவி, ரெண்டாங்கிளாஸ் படிக்கற பொண்ணு, எங்கம்மா.

பங்குனி மாசம் செகண்ட் ஷிப்ட் முடிச்சுட்டு சத்தி ரோட்ல வண்டியில வந்துட்டு இருந்தப்போ நாய் குறுக்க ஓடுச்சு. வண்டி சறுக்கி விழுந்துட்டேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், பட்டையும் மாட்டியிருந்தேன். தலை ரோட்டு நடுவால இருக்கற சிமெண்ட் கட்டையில மோதுச்சுன்னு பார்த்தவங்க சொன்னாங்க. எனக்கு விழுந்ததும் ஞாபகமில்ல, 108-ல ஏத்துனதும் ஞாபகமில்ல. நம்மைக் காக்கும் 48 திட்டத்துல சேர்த்து, பணம் வாங்காம பார்த்தாங்க. சிடி ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தக்கசிவு இல்ல, எலும்பு முறியலன்னு சொல்லி அடுத்த நாள் அனுப்பிட்டாங்க. வாந்தி வந்தா வாங்க, மயக்கம் வந்தா வாங்கன்னு ஒரு சீட்டு கொடுத்தாங்க. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லலை.

இப்ப நாலு மாசம் ஆச்சுங்க. தலைவலி பிடரிக்கு மேல ஆரம்பிக்குது. பத்து, பதினோரு மணிக்கு மேல வலது கண்ணுக்குப் பின்னாடி வந்து உக்காந்துக்குது. பக்கத்துல கிரைண்டர் ஓடுனா பல்லு கூசுற மாதிரி தலைக்குள்ள கூசுது. சாயங்காலம் ஆக ஆக, அளவு பார்க்கற வெர்னியர்ல கோடு ரெண்டாத் தெரியுது. சடார்னு திரும்புனா தரை நகருது. முன்னெல்லாம் டிராயிங்கை ஒரு தடவை பார்த்தா அந்த ஜாப் முடியற வரைக்கும் அளவு மண்டையில நிக்கும். இப்ப விட்டத்தைப் படிச்சுட்டு டூலைக் கையில எடுக்கறதுக்குள்ள மறந்துபோகுது.

இதெல்லாங்கூடத் தாங்கிக்குவேன். தாங்க முடியாதது வேற. நான் சத்தம் போட்டுப் பேசற ஆளே கிடையாதுங்க. புதுசா வர்ற பசங்களை, "அந்த அண்ணங்கிட்டப் போ, திட்டமாட்டாரு"ன்னு எங்கிட்டத்தான் அனுப்புவாங்க. இப்ப பொண்ணு டம்ளரைக் கீழ போட்ட சத்தத்துக்கு நான் கத்துன கத்துல புள்ளை பாட்டிக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல பாத்ரூமுக்குள்ள போய் நான் அழுதுட்டு நிக்கறேன். டிவியில நகைக்கடை விளம்பரத்துக்குக் கூட கண்ணு கலங்குது. இன்னுஞ் சில நாள் ஒண்ணுமே தோணறதில்ல. ஆடிப் பதினெட்டுக்குப் பேரூர் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் சந்தோசமா இருக்கறாங்க, நான் எப்படா ஊட்டுக்குப் போய்ப் படுக்கலாம்னு நிக்கறேன். ஊட்டுக்காரி எங்கிட்டப் பேசறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பார்த்துட்டுப் பேசறா. அதைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு அடைக்குது.

அம்மா திருஷ்டி கழிச்சாங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டுனாங்க. மொதலாளி நல்ல மனுசன்தான். ஆனா "ஸ்கேன் நார்மல்தானப்பா"ன்னு கேட்டா எங்கிட்டப் பதில் இல்ல.

ஸ்கேன்ல தெரியாம எதாச்சும் விட்டுப்போயிருக்குமா? இது தானாப் போகுமா? இந்தக் கோபம் அடிபட்டதுல வந்ததா, இல்ல நான் இப்படிப்பட்ட ஆளா மாறிட்டனா? புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

வார்டு_நர்ஸ்_மதுரை எழுதியது:

அண்ணே, நான் மதுரையில நரம்பியல் அறுவைசிகிச்சை வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் இல்லை. ஆனா தலைக்காயம் பார்க்காத நாளே எங்களுக்குக் கிடையாது.

அவசரமானதை முதல்ல சொல்லிடறேன். தலைவலி நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலம் குறையறது, பேச்சு குழறது, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த நேரமே காஷுவாலிட்டிக்குப் போங்க. அடிபட்டுச் சில வாரம் கழிச்சு மூளைக்கு மேல மெதுவா ரத்தம் சேர்றது உண்டு. வயசானவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, தினமும் குடிக்கறவங்களுக்கு அந்த ஆபத்து அதிகம். உங்க வயசுல குறைவுதான். இருந்தாலும் கோடு ரெண்டாத் தெரியறதையும் தரை நகர்றதையும் நரம்பியல் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். மறுபடி ஸ்கேன் வேணுமா வேண்டாமான்னு அவர் பரிசோதிச்சு முடிவு பண்ணட்டும்.

சிடி எடுக்கறது எதுக்குன்னா, உள்ள ரத்தம் கசியுதா, மண்டையோடு உடைஞ்சிருக்கா, உடனே ஆபரேஷன் வேணுமான்னு பார்க்கத்தான். நீங்க சொல்றதைப் பார்த்தா உங்களுக்கு வந்தது கன்கஷன். மண்டைக்குள்ள மூளை குலுங்கி, நரம்பிழைங்க இழுபடுது. செல்லுக்குள்ளயும் வெளியயும் இருக்கற உப்புகளோட சமநிலை கலைஞ்சுபோகுது. அதைச் சரிபண்ண மூளைக்கு நிறைய சக்தி வேணும், அதே சமயத்துல அங்க ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கும். இது சிடியில தெரியாது. சாதாரண எம்ஆர்ஐயிலயும் பெரும்பாலும் தெரியாது. மொதலாளி கேட்டா இதையே சொல்லுங்க.

பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள சரியாயிடுது. கொஞ்சப் பேருக்கு அதைத் தாண்டி இழுக்குது. மூணு மாசம் தாண்டினா அதை நீடிச்ச தலைவலின்னு தனியா எடுத்து வைத்தியம் பார்க்கணும். நீங்க அந்தக் கட்டத்துல இருக்கீங்க.

ரெண்டு கேள்விக்கு மறைக்காம பதில் சொல்லுங்க. தலைவலிக்கு மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க, என்ன மாத்திரை? அழுகை வர்ற நேரத்துல செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா? தோணினா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

—

மூலிகைத்_தோட்டம் எழுதியது:

வல்லாரைத் துவையல் தினமும் எடுத்துக்கோங்க. மூளைக்கு நல்லது. ஒரு மாசம் லீவு போட்டுட்டு இருட்டு ரூம்ல போன், டிவி எதுவும் இல்லாம படுத்திருங்க. தானா ஆறிடும்.

—

கீப்பர்_திருச்சி எழுதியது:

வல்லாரை சாப்பிடட்டும், நல்ல கீரைதான். ஆனா அந்த இருட்டு ரூம் வேண்டாம். எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நாள் முழுக்கப் படுத்தே கிடந்ததுல தூக்கம் கெட்டு, உடம்பு தளர்ந்து, மனசுதான் இன்னும் இருண்டுபோச்சு. இப்ப உலகம் முழுக்க அந்தப் பழைய முறையைக் கைவிட்டுட்டாங்க. 2022-ல ஆம்ஸ்டர்டாம்ல விளையாட்டுத் தலைக்காயத்துக்காக நடந்த மாநாட்டோட முடிவும் இதுதான்: முதல் 24-லிருந்து 48 மணி நேரம் உடம்பையும் மூளையையும் அலட்டிக்காம இருக்கணும், அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா நடமாடணும்.

நான் திருச்சியில லீக் மேட்ச் ஆடறவன். ஸ்டம்புக்குப் பக்கத்துல நின்னு கீப்பிங் பண்ணும்போது பேட்ஸ்மேன் சுத்தின பேட்டே காதுக்கு மேல அடிச்சிடுச்சு. முழுசாத் தேற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆச்சு. அண்ணே, நீங்க தேறிடுவீங்கன்னு தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஆனா நாலு மாசத்துல இருக்கற நிலைமைதான் கடைசி வரைக்கும்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

கிரிக்கெட் பார்க்கறவங்களுக்கு இது லேசாப் புரியும். 2019-ல லார்ட்ஸ் டெஸ்ட்ல ஜோஃப்ரா ஆர்ச்சர் பந்து ஸ்டீவ் ஸ்மித் கழுத்துல பட்டுச்சு. பரிசோதனையில தேறி, அன்னைக்கே திரும்ப வந்து பேட்டிங் பண்ணார். மறுநாள்தான் மந்தமா இருக்குன்னு விலகினார், லபுஷேன் அவருக்குப் பதிலா இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்ல முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான். 2020-ல கான்பெர்ராவுல நம்ம ஜடேஜா ஹெல்மெட்ல பந்து பட்டப்போ சஹால் இறங்கினது ஞாபகம் இருக்கும். ஆஸ்திரேலியாவோட வில் புகோவ்ஸ்கி திரும்பத் திரும்ப அடிபட்டு 27 வயசுல, 2025-ல ஆட்டத்தையே விட்டுட்டார். டாக்டர் கூடவே இருக்கற ஆட்டக்காரங்களுக்கே இப்படி. ராத்திரி ரோட்ல விழுந்து அடுத்த நாள் வீட்டுக்கு வந்தவருக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க? அதனால இன்னொரு அடி படாம பார்த்துக்கோங்க. தரை நகர்றது நிக்கற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க.

இப்ப கோபத்துக்கு வர்றேன். நீங்க கேட்டதுல எனக்கு ரொம்ப வலிச்ச கேள்வி, "நான் இப்படிப்பட்ட ஆளா மாறிட்டனா?" நானும் இதையே கேட்டுக்கிட்டு ராத்திரி எல்லாம் மொட்டை மாடியில உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு உளவியல் நிபுணர் செய்யச் சொன்னது இது. ஒரு நோட்டு வாங்கி, கோபம் வந்த ஒவ்வொரு தடவையும் மூணு விஷயம் எழுதணும்: மணி என்ன, அப்ப தலைவலி பத்துக்கு எத்தனை, முந்தின ராத்திரி எப்படித் தூங்கினேன். காரணம் எழுதக் கூடாது, யார் மேல தப்புன்னும் எழுதக் கூடாது. மூணு வாரம் எழுதிட்டுப் பார்த்தா, காலையில நான் பழைய ஆளாவே இருந்திருக்கேன். கத்தினது எல்லாமே சாயங்காலம் நாலுலிருந்து ஏழுக்குள்ள. கூட்டமான இடத்துல இருந்து வந்த பிறகு, இல்லைன்னா பசியில, இல்லைன்னா சரியாத் தூங்காத மறுநாள். என் குணம் மாறியிருந்தா காலையிலயும்ல மாறியிருக்கணும்?

உணர்ச்சியைப் பிடிச்சு நிறுத்தற வேலையைச் செய்யறது மூளையோட முன்பக்கம். அடிபட்ட மூளை ஒரு நாள் வேலையை முடிக்கவே அதிகமா உழைக்குது. பொழுது சாயறப்போ அந்தப் பிடியில பலம் இல்லாம போகுது. நேரம் தெரிஞ்சதும் நான் பண்ணினது, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் யார்கிட்டயும் பேசாம அரை மணி நேரம் ஃபேனுக்குக் கீழ கண்ணை மூடிப் படுத்துடறது. அதுக்கப்பறம்தான் காபி, பேச்சு எல்லாம். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சுட்டேன். கோபம் நிக்கலை. ஆனா வர்ற எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சது.

தினமும் நடங்க. அமெரிக்காவுல பஃபலோ பல்கலைக்கழகத்துல ஜான் லெடின்னு ஒரு டாக்டர், கன்கஷன் ஆனவங்களை ட்ரெட்மில்ல நடக்கவெச்சு, நாடித்துடிப்பு எவ்வளவு ஏறும்போது தலைவலி கூடுதுன்னு பார்த்து, அதுக்குக் கொஞ்சம் கீழயே தினமும் உடற்பயிற்சி பண்ணவெச்சார். ட்ரெட்மில் எல்லாம் நமக்கு வேண்டாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, தலைவலி கொஞ்சம்தான் கூடுதுங்கற வேகத்துல காலையில இருபது நிமிஷம் நடங்க. ரெண்டு புள்ளிக்கு மேல ஏறினா அன்னைக்கு நிறுத்திக்கோங்க, மறுநாள் குறைச்சு நடங்க. சரக்கு பக்கமே போகாதீங்க.

—

கணபதி_லேத் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கீப்பர் தம்பி எழுதுனதை ஊட்டுக்காரிகிட்டப் படிச்சுக் காட்டுனேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் குரல் உடைஞ்சு போச்சு. அவதான் சொன்னா, "காலையில நீங்க புள்ளைக்குத் தலை வாரி விடறப்ப ஒரு நாளும் கோபப்பட்டதில்லையே"ன்னு. எனக்கு அது தோணவே இல்லைங்க.

நர்ஸம்மா கேட்டதுக்குப் பதில். பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்த மாத்திரை, மெடிக்கல்ல வாங்கி மத்தியானம் ஒண்ணு போடுவேன். ஞாயித்துக்கிழமை தவிர பெரும்பாலும் தினமும். போட்டா ரெண்டு மணி நேரம் தாங்கும். சாகணும்னு தோணலைங்க. நான் இல்லைன்னா இவங்க நிம்மதியா இருப்பாங்களோன்னு ரெண்டொரு தடவை தோணுச்சு. அதை ஊட்ல சொல்லலை.

—

வார்டு_நர்ஸ்_மதுரை எழுதியது:

அண்ணே, கடைசியா எழுதின அந்த வரியை உங்க வீட்டம்மாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் அதே வார்த்தையில சொல்லுங்க. அப்படித் தோணறதும் நோயோட ஒரு பகுதிதான், அதுக்கு வைத்தியம் இருக்கு. தலைக்காயத்துக்கு அப்பறம் மனச்சோர்வு வர்றது ரொம்ப சகஜம், எங்க வார்டுல இருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பறது வழக்கமான விஷயம். 14416-ஐ போன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க.

மாத்திரை விஷயம் நான் பயந்த மாதிரியே இருக்கு. வெறும் பாராசிட்டமால் மாசத்துல 15 நாள் அல்லது அதுக்கு மேல, கலப்பு மாத்திரைன்னா 10 நாள் அல்லது அதுக்கு மேல, இப்படி மூணு மாசத்துக்கு மேல போச்சுன்னா மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிச்சிடும். உங்க தலைவலியில ஒரு பங்கு அதுவா இருக்கலாம். நிறுத்தினா முதல் ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் வலி அதிகமாகும், அதுக்கப்பறம்தான் இறங்கும். அதனால நீங்களா நிறுத்திட்டுத் தவிக்காதீங்க. தலைவலி வராம தடுக்கற மாத்திரைன்னு தனியா இருக்கு. அமிட்ரிப்டிலின் குறைஞ்ச அளவுல ராத்திரி கொடுப்பாங்க, சிலருக்கு ப்ரோப்ரனோலால் கொடுப்பாங்க. எது உங்களுக்குன்னு டாக்டர்தான் பார்த்து எழுதணும். ஆஸ்துமா இருந்தா சொல்லிடுங்க, ப்ரோப்ரனோலால் அவங்களுக்கு ஆகாது.

—

ரொறன்ரோ_பிசியோ எழுதியது:

அண்ணை, நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவிலை பிசியோவா வேலை செய்யிறன். தலை அடிபட்டு வாற ஆக்கள்தான் எனக்குக் கூட. நீங்கள் எழுதினதிலை ஒருத்தரும் தொடாத ஒண்டு இருக்கு. உங்கட கழுத்து.

தலை கட்டையிலை மோதினால் கழுத்து சும்மா இருக்காது, அதுவும் சுண்டி இழுபட்டிருக்கும். பிடரியிலை தொடங்கிக் கண்ணுக்குப் பின்னாலை வாற வலி கழுத்தின்ர மேல் மூட்டுகளிலை இருந்தும் வாறது. மேல் கழுத்து நரம்பும் முகத்து நரம்பும் மூளைத்தண்டிலை ஒரே இடத்திலைதான் போய்ச் சேருது. அதாலை கழுத்திலை உள்ள வலியைக் கண்ணிலை எண்டு மூளை எடுக்கும். நீங்கள் நாள் முழுக்கக் குனிஞ்சு நிண்டு வேலை செய்யிறியள், பொழுது ஏற ஏற வலி கூடுது எண்டு எழுதியிருக்கிறியள். கழுத்தைக் கட்டாயம் பிசியோ ஒருவர் தொட்டுப் பார்க்கவேணும். அது கழுத்து வலி எண்டால் பயிற்சியாலை நல்லாக் குறையும்.

அங்கை சலூனிலை முடி வெட்டினாப் பிறகு கழுத்தைச் சடக்கெண்டு திருப்பி முறிக்கிற பழக்கம் இருக்கு. அதை ஒருநாளும் செய்ய விடாதேங்கோ. மூளைக்குப் போற ரத்தக்குழாய் கழுத்தெலும்புக்குள்ளாலைதான் போகுது, அது கிழிஞ்சால் பக்கவாதம்.

தரை நகருறது எப்பவெண்டு கவனியுங்கோ. படுக்கையிலை புரளேக்கை, அண்ணாந்து பார்க்கேக்கை, ஒரு நிமிசத்துக்குள்ளை நிண்டுபோற சுத்தல் எண்டால், உள்காதிலை இருக்கிற சின்னக் கல்லுகள் இடம் மாறியிருக்கும். எப்லி எண்ட முறையிலை தலையைக் குறிப்பிட்ட மாதிரித் திருப்பி அதைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவரலாம். காது மூக்கு தொண்டை வைத்தியரும் செய்வார், கனபேருக்கு ஒண்டு ரெண்டு தரத்திலை நிண்டுபோகும். ஆனால் முதல் கழுத்தைப் பார்த்தாப் பிறகு.

கோடு ரெண்டாத் தெரியிறதுக்குக் கண்வைத்தியரிட்டைப் போங்கோ. கண்ணாடி நம்பர் மட்டும் பார்த்துப்போட்டு விடாமல், கிட்டப் பார்க்கேக்கை ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்ளுக்குத் திரும்புதோ எண்டு பார்க்கச் சொல்லுங்கோ. கன்கஷனுக்குப் பிறகு அது கனபேருக்குப் பலவீனமாகும். வெர்னியர் பார்த்துக் கண் களைச்சால் தலையிடி வரத்தான் செய்யும். அதுக்கும் பயிற்சி இருக்கு.

—

தாமிரபரணி_டீச்சர் எழுதியது:

தம்பி, நான் திருநெல்வேலிப் பக்கம், பள்ளிக்கூடத்து டீச்சர். எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து தலையில அடிபட்டவங்க. நீங்க உங்க பக்கத்தைச் சொல்லிட்டீங்க. நான் உங்க வீட்டம்மா பக்கத்திலிருந்து சொல்லுதேன்.

அவங்க உங்க முகத்தைப் பார்த்துட்டுப் பேசறது உங்களை வெறுத்து இல்லை. உங்களுக்கு வலிக்கக் கூடாதேன்னுதான். நானும் அப்படித்தான் குக்கர் விசில் வந்தாக்கூட ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். ஆனா யார்கிட்டயும் சொல்ல முடியாது. வெளியில பார்த்தா ஆளு நல்லாத்தானே இருக்காரு, கட்டு கிடையாது, தையல் கிடையாது. சொந்தக்காரங்க, "வேலைக்குப் போகச் சோம்பல்படுதாரோ"ன்னு கேட்டப்போ நான் தனியா உக்காந்து அழுதிருக்கேன். அதனால டாக்டர்கிட்டப் போகும்போது அவங்களையும் உள்ள கூட்டிட்டுப் போங்க. டாக்டர் வாயால அவங்க கேட்கணும். உங்களுக்கு மறந்துபோறதை அவங்க எடுத்துச் சொல்லவும் செய்வாங்க. முடிஞ்சா உங்க அம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. கயிறு கையிலேயே இருக்கட்டும், அவங்க மனசுக்கு ஆறுதல்.

புள்ளைக்கு வருவோம். ரெண்டாம் வகுப்புப் புள்ளைங்களை எனக்கு நல்லாத் தெரியும். வீட்டில எது தப்பா நடந்தாலும் தன்னாலதான்னு நினைச்சுக்கிடும். உங்க மக இப்ப அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருப்பா. தலைவலி இல்லாத நேரமாப் பார்த்து, அதான் காலையில தலை வாரும்போதே சொல்லுங்க: "அப்பா விழுந்தப்போ தலைக்குள்ள அடிபட்டுச்சு. வெளியில தெரியாது. பெரிய சத்தம் கேட்டா அப்பாவுக்கு வலிக்கும், வலிச்சா கத்திடுதேன். நீ தப்பு பண்ணலை. டாக்டர் மருந்து கொடுக்காங்க." உங்க ஊர்ப் பேச்சுல மாத்திச் சொல்லிக்கிடுங்க. ஒரு தடவை சொன்னாப் போதாது. கத்தின ஒவ்வொரு தடவைக்கப்பறமும், அடங்கினதும் அவகிட்டப் போய் இதைச் சொல்லணும். நாங்க வீட்டில ஒரு அடையாளம் வெச்சிருந்தோம். அவங்களுக்கு வலி ஏறினா நெத்தியில கைய வெப்பாங்க, நாங்க டிவியை அணைச்சுட்டு அடுத்த அறைக்குப் போயிருவோம். எங்க மகனுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்பாவுக்கு வைத்தியம் பண்ணுதோம்னு நினைச்சான்.

இன்னொண்ணு, கோபத்தில கை ஓங்குற அளவுக்கு என்னைக்காவது வந்தா, பேச்சை அங்கேயே விட்டுட்டு வெளியே நடந்துருங்க. அதை டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. அடிபட்டதால வந்த கோபம்னாலும் புள்ளைக்கு விழுற அடி அடிதானே தம்பி.

எங்க வீட்டுக்காரர் இப்ப வேலைக்குப் போறாங்க. கூட்டத்துக்குள்ள ரொம்ப நேரம் நிக்க முடியாது, கல்யாண வீட்டில சாப்பிட்டதும் கிளம்பிருவோம். மத்தபடி பழையபடி சிரிக்காங்க.

—

குறிச்சி_பட்டறை எழுதியது:

அண்ணா, குறிச்சி சிட்கோவுல சின்னப் பட்டறை வெச்சிருக்கறேன். மொதலாளி பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை.

தலை சுத்துற ஆளு லேத்துக்கு முன்னாடி நிக்கவே கூடாதுங்க. ஜாப்பைப் பிடிச்சுச் சுத்தற சக் ஓடும்போது ஒரு செகண்ட் தடுமாறுனா கை போயிரும். மொதலாளிகிட்ட, முடிஞ்ச ஜாப்பை அளந்து பார்க்கற இன்ஸ்பெக்ஷன் டேபிள் கேளுங்க. காலையில நாலு மணி நேரம் மட்டும், அதுக்கு நடுவுல ரெண்டு தடவை வெளிய போய் உக்காந்துட்டு வர்ற மாதிரி. உங்களை மாதிரி அனுபவமான கண்ணு இன்ஸ்பெக்ஷன்ல இருந்தா அவருக்கும் ரிஜெக்ஷன் குறையும், எடுத்துச் சொல்லுங்க. டிஜிட்டல் வெர்னியர் கொடுத்தாங்கன்னா கோடு பார்க்கற தொல்லை இல்ல. அளவை மண்டையில வெச்சுக்காம அப்பப்ப சிலேட்ல எழுதிருங்க. பழைய சோக் வெச்ச டியூப்லைட் கண்ணுக்குத் தெரியாமலே நொடிக்கு 100 தடவை மினுக்கும், உங்க டேபிளுக்கு மேல மட்டுமாச்சும் நல்ல எல்இடி மாத்தச் சொல்லுங்க. கிரைண்டர் ஓடறப்ப காதடைப்பான் போடுங்க. நாள் முழுக்கப் போட்டுட்டே இருந்தா சின்னச் சத்தங்கூட அப்பறம் பெருசாக் கேக்கும், அதனால ஊட்ல போடாதீங்க.

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டு கார்டு இருக்குதுங்களா? வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வர்ற வழியில நடந்த விபத்தையும் வேலைக்காயமா எடுத்துக்கச் சட்டத்துல இடம் இருக்குது. அப்படி எடுத்துக்கிட்டா வேலை செய்ய முடியாத நாளுக்குச் சம்பளத்துல 90 சதவீதம் தருவாங்க. சாதாரண நோய்ன்னு போட்டா 70 சதவீதம், அதுவும் வருசத்துக்கு 91 நாளுக்குத்தான். விபத்து அறிக்கை கம்பெனிதான் கொடுக்கணும். ஷிப்ட் முடிஞ்ச பஞ்ச் நேரம், 108 சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துட்டு உங்க ஏரியா இஎஸ்ஐ கிளை ஆபீசுக்குப் போங்க. சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டருக்கு எழுதி வாங்கிக்குங்க.

—

கணபதி_லேத் எழுதியது (சில வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிடறேன்ங்க, இதே மாதிரி தேடிட்டு வர்றவங்களுக்கு ஆகும்.

நரம்பு டாக்டரைப் பார்த்தோம், ஊட்டுக்காரியும் உள்ள வந்தா. நான் சொல்லாம விட்டதை அவ சொன்னா, அந்த வரியையும் சேர்த்து. நேத்து வரைக்கும் எங்கிட்டப் பயந்து பேசுனவ, டாக்டர்கிட்ட எனக்காகப் பேசுனதை உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டாங்க, ரத்தம் ஒண்ணும் சேரலை. கலப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதுனாங்க. நிறுத்துன முதல் வாரம் நரகம்ங்க. நர்ஸம்மா முன்னாடியே சொல்லாம இருந்திருந்தா மெடிக்கலுக்கு ஓடியிருப்பேன். இப்ப காலையில எந்திரிக்கறப்ப தலைவலி இல்லாத நாளும் இருக்குது. பிசியோ கழுத்தைத் தொட்டு ஒரு இடத்துல அமுக்குனதும் அப்படியே கண்ணுக்குப் பின்னாடி வலி வந்துச்சு. ரொறன்ரோ தம்பி சொன்னது கண்ணாரத் தெரிஞ்சுது. மனநல டாக்டர்கிட்டயும் எழுதிக் கொடுத்திருக்கறாங்க, அடுத்த வாரம் போறோம்.

நோட்டு எழுதறேன். என்னுதும் சாயங்காலம்தான். அஞ்சு மணிக்கு மேல கனமா எழுதியிருக்குது, காலையில காலி. ஊட்டுக்குள்ள வந்ததும் அரை மணி நேரம் படுத்துக்கறேன்.

பொண்ணுகிட்ட டீச்சரம்மா சொன்னபடியே சொன்னேன். ரெண்டு நாள் ஒண்ணும் பேசலை. அப்பறம் ஸ்கூல்ல இருந்து வந்து, "அப்பா, இன்னைக்கு உள்ள வலிக்குதா?"ன்னு கேட்டா. கொஞ்சமா வலிக்குதுன்னேன். சரின்னு செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்து போனா. அதுக்கப்பறமும் ஒரு தடவை கத்திட்டேன். அடங்குனதும் போய்ச் சொன்னேன்.

மொதலாளி இன்ஸ்பெக்ஷன் டேபிள் கொடுத்துட்டாரு, காலையில மட்டும். விபத்து அறிக்கையும் கொடுத்திருக்கறாரு. இஎஸ்ஐ பதில் இன்னும் வரலை. ஒரே ஒரு சந்தேகம்ங்க. ராத்திரி மாத்திரை போட்டா காலையில எட்டு மணி வரைக்கும் கண்ணு சொக்குது, வாய் வறண்டுபோகுது. இதை எத்தனை மணிக்குப் போடறது?

—

வார்டு_நர்ஸ்_மதுரை எழுதியது:

படிக்கவே சந்தோஷமா இருக்குண்ணே. வாய் வறள்றதும் காலைச் சொக்கலும் அந்த மாத்திரைக்கு வழக்கமா வர்றதுதான், பலருக்கு ரெண்டு மூணு வாரத்துல குறைஞ்சிடும். படுக்கறப்போ போடறதைவிட, சாப்பிட்டுட்டு ஒரு எட்டு மணி வாக்குல போட்டா காலையில தெளிவா இருக்கும்னு நிறைய டாக்டருங்க சொல்வாங்க. உங்க டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு மாத்திக்கோங்க. ஒண்ணுக்குப் போக சிரமமா இருந்தாலோ நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ அதையும் சொல்லணும். நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. சொக்கல் இருக்கற வரைக்கும் கம்பெனிக்கு பஸ்ல போங்க.